திரும்பி வரும் வழி



பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியாகச் சென்று, வேறொரு வழியாகத் திரும்புவது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை ஒவ்வொரு பெருநாளிலும் பயான்களில் கேட்கிறோம். இதற்கு மார்க்க அறிஞர்கள் பல காரணங்களைக் கூறியுள்ளனர். இரு வழிகளிலும் வாழும் மக்களுக்கு ஸலாம் உரைக்கும் வாய்ப்புக் கிட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு வழியாகவே போய் வந்தால் மற்றத் தெருவில் இருப்பவர்கள் நம்மைக் காண மாட்டார்கள். நாமும் அவர்களைக் காண மாட்டோம்.

ஆண்டில் இரண்டு நாள் நினைவுகூர்ந்து மறந்துவிடும் இந்தச் செய்தியிலிருந்து தம் அன்றாட வாழ்வுக்கு ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டவர் எங்கள் அத்தா. சென்னைத் திருவல்லிக்கேணியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறோம். சுபுஹு தொழுகைக்குப் பின் அத்தா நேரே வீடு திரும்ப மாட்டார். ஒரு தெரு வழியாகப் போய், மற்றொரு தெரு வழியாக வருவார். கையில் ஒரு குடை இருக்கும். வெயிலும் மழையும் இல்லாத நாளிலும் இருக்கும். அது அவருக்கு ஊன்றுகோல். பிள்ளைகளாகிய நாங்களோ, பள்ளிவாசலுக்கும் வண்டியில்தான் போவோம். கடைக்கும் வண்டியில்தான் போவோம். "இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல்?" என்று அவரைக் கடிந்துகொண்டதும் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தில் ஒரு காலை, வீட்டு வாசலில் மிதிவண்டி மணி விடாமல் ஒலித்தது. செய்தித்தாள் போடும் பையன் நின்றிருந்தான். ஜாம் பஜார் பக்கம் அத்தா மயங்கிச் சாய்ந்துவிட்டார் என்றான். பதறி ஓடினோம். அங்கே கீரை விற்கும் ஓர் அம்மையார் தம் சாக்கை விரித்து அத்தாவை அமர்த்தி, கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். தேநீர்க் கடைக்காரர் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டிருந்தார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்து வந்த மயக்கம். நாங்கள் போய்ச் சேரும்போதே அவர் கண் விழித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் வீடு இது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். கீரைக்கார அம்மையார் சொன்ன மறுமொழியை இன்றுவரை எங்களால் மறக்க முடியவில்லை.

"பாயை எங்களுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு நாள் வரலைன்னா என்னாச்சுன்னு விசாரிப்போம். உங்களைத்தான் பாத்ததே இல்ல. நீங்க எந்தத் தெரு?"

அதே தெருவில்தான் பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் இருமுறை, தலைக்கவசத்துக்குள் முகம் மறைந்தவர்களாக, அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம்.

இல்லாமையைக் கவனித்தல்

அந்த அம்மையாரின் சொல்லை எண்ணும்போதெல்லாம் ஒரு ஹதீஸ் நம் நினைவுக்கு வருகிறது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். சில நாள்களாக அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினர். தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று நபிகளார் கேட்டார்கள். தோழர்கள் அதை ஒரு பெரிய செய்தியாகக் கருதியிருக்கவில்லை. அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி.

ஒரு சமுதாயத்தின் தலைவர், இறைத்தூதர், படைகளை நடத்தியவர், மன்னர்களுக்கு மடல் எழுதியவர், பள்ளிவாசலைப் பெருக்கும் ஒருவரைக் காணவில்லை என்பதைக் கவனிக்கிறார்கள். அன்பு என்பது பெருந்தொகையைக் கொடுப்பதில் தொடங்குவதில்லை. கவனிப்பதில்தான் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒருவர் இல்லாததைக் கவனிக்க வேண்டுமானால், அவர் இருக்கும்போது நாம் பார்த்திருக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு அது கைகூடாது. நடப்பவருக்கே கூடும்.

நாம் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: நம் நகரங்களில் முஸ்லிம் குடும்பங்கள் மீண்டும் கால்நடையாக நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கான முதற்காரணம் உடல்நலம் அன்று. அண்டை அயலாரை அறிவதும், அவர்களால் அறியப்படுவதும் ஈமானோடு தொடர்புடைய செயல் என்பதே காரணம்.

நடந்தபோது கண்டவை

அந்த நிகழ்வுக்குப் பின் அத்தாவைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. அவரோ நடையை விடுவதாக இல்லை. எனவே முறைவைத்து ஒருவர் துணைக்குச் செல்லத் தொடங்கினோம். முதல் வாரம் கடமைக்காக நடந்தோம். இரண்டாம் வாரம்தான் கண்கள் திறந்தன.

பெரிய மசூதி என்று நாம் அழைக்கும் வாலாஜா பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். 1795இல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அங்கே தொழுதிருக்கிறோம். ஆயினும் ஒரு செய்தி நமக்குத் தெரியாது. பள்ளி கட்டப்பட்ட ஆண்டை எழுத்துகளின் எண்மதிப்பால் குறிக்கும் பாரசீக வாசகம் ஒன்று அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதை இயற்றியவர் நவாபின் செயலாளராக இருந்த ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்து அறிஞர். அத்தா ஒருநாள் நின்று அதைக் காட்டினார். அதே வளாகத்தில்தான் 1972இல் மறைந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் அவர்கள் அடக்கமாகியுள்ளார்கள். அவர் பெயரைத் தாங்கிய சாலையில் அன்றாடம் போக்குவரத்தைச் சபித்துக்கொண்டு சென்ற நாம், அவருடைய கப்ருக்கு அருகில் நின்று ஸலாம் சொல்ல நேரம் ஒதுக்கியதில்லை.

ரமளான் மாலைகளில் அந்தப் பள்ளியில் இன்னொரு காட்சியைக் காணலாம். மயிலாப்பூரைச் சேர்ந்த சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து அகதியாக இங்கு வந்த ஓர் இந்துப் பெரியவர் தொடங்கிவைத்த பணி இது. தலையில் தொப்பி அணிந்து, வரிசையில் அமர்ந்திருப்போர் முன் தட்டுகளை வைத்துச் செல்லும் அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். மத வெறியின் பெயரால் வீடிழந்து வந்த ஒருவர், அந்தக் கசப்பைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லாமல், பரிமாறும் கரத்தை விட்டுச் சென்றிருக்கிறார்.

இவை ஊரறிந்த செய்திகள். நடை காட்டித் தந்தவற்றில் பல, எந்த ஏட்டிலும் இடம்பெறாதவை.

கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பெண்கள் இன்றும் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக 1885இல் தொடங்கப்பட்டது. திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் அவர்களில் அடங்குவர். பெயரே அதைச் சொல்கிறது. அதிகாலையில் அதன் வெளிப்புறத்தில் பிளாஸ்க்கும் போர்வையுமாகக் கணவன்மாரும் மாமியார்களும் காத்திருப்பார்கள். உள்ளே பிரசவம். அருகில் உள்ள ஒரு தேநீர்க் கடைக்காரர், மருத்துவமனைக்கு என்று சொன்னால் வெந்நீருக்குக் காசு வாங்குவதில்லை. ஏன் என்று அத்தா கேட்டதற்கு, "தண்ணிக்கு என்ன பாய் காசு?" என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் பேச ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில் மூடி உடைந்த சாக்கடைக் குழியில் இலைகளோடு ஒரு மரக்கிளை நட்டிருப்பதைச் சென்னைவாசிகள் அனைவரும் கண்டிருப்போம். வண்டியில் செல்லும்போது அதை இடையூறாகவே கருதியிருக்கிறோம். நின்று பார்த்தபோதுதான் தோன்றியது: யாரோ ஒருவர் கிளையை ஒடித்து, மழையில் நனைந்து, தமக்குப் பின்னால் வரும் முகமறியா மனிதர் விழுந்துவிடக் கூடாதே என்று இதைச் செய்திருக்கிறார். அவர் பெயரை யாரும் அறியார். நன்றி சொல்ல யாரும் வரப்போவதில்லை. பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்தக் கிளைக்கு உருவம் கொடுத்தால் அது இந்த மரக்கிளையைப் போலத்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.

கோடையில் வாசற்படியோரம் தெருநாய்க்கும் காக்கைக்கும் வைத்த மண்சட்டி நீரைக் காண்கிறோம். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தம் காலணியில் நீர் மொண்டு கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அந்த மனிதரும் ஒரு வழிப்போக்கராகத்தான் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்து களைத்து, தாமே தாகித்து, கிணற்றில் இறங்கிக் குடித்துவிட்டு மேலேறியபோதுதான் அந்த நாயின் தாகம் அவருக்குப் புரிந்தது. தம் கால்களில் களைப்பை உணர்ந்தவருக்கே பிறருடைய களைப்பு தென்படும் போலும்.

பாதையின் உரிமைகள்

இதுவரை நாம் பெற்றவற்றைச் சொன்னோம். கொடுக்கத் தவறியவற்றையும் சொல்வதுதான் நேர்மை.

பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, தங்களுக்குப் பேசிக்கொள்ள வேறு இடமில்லை என்றனர் தோழர்கள். அப்படியாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபிகளார் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் உரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவை அந்த உரிமைகள் என்று விளக்கினார்கள். தெருவுக்கு உரிமை உண்டு என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கேட்ட சமுதாயம் நாம்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் பள்ளிவாசல்களைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்ப்போம். இரு புறமும் வண்டிகள். கடை வாசல்களை மறித்து வண்டிகள். நடைபாதையின் மேல் வண்டிகள். ஒரு ஜும்ஆ நாளில் எங்கள் வண்டியும் ஒரு வீட்டு வாயிலை மறித்து நின்றது. தொழுது முடித்துத் திரும்பியபோது, அந்த வீட்டார் தம் நோயாளியை நாற்காலியில் வைத்துத் தெருமுனைவரை தூக்கிச் சென்று ஆட்டோவில் ஏற்றியதாகப் பக்கத்துக் கடைக்காரர் கூறினார். அவர்கள் கூச்சலிடவில்லை. தொழுகையில் இருக்கிறார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொன்னார்களாம். அந்தக் கண்ணியம் எங்களைக் குத்தியது. இறைவனுக்குரிய கடமையை நிறைவேற்றச் சென்ற நேரத்தில், இறையடியாருக்குரிய உரிமையைப் பறித்திருந்தோம். மன்னிப்புக் கேட்க அன்று மாலை சென்றபோது, அதே வீட்டார் காப்பி கொடுத்தே அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. வண்டியை எடுத்து, இடம் தேடி, நிறுத்திவிட்டு உள்ளே செல்லவும் ஐந்து நிமிடம்தான் ஆகிறது. பள்ளிவாசலுக்கு அருகில் குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரிடம், அவரவர் இல்லங்களிலேயே இருக்குமாறும், அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். தொழுகைக்காக எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தர்மம் என்பதையும் அறிவோம். அறிந்துகொண்டே அந்த அடிகளைப் பெட்ரோலுக்கு விற்றுவிட்டோம்.

உடல்நலக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள பள்ளிக்கு நாளுக்கு ஐந்து வேளை நடந்து சென்று திரும்பினால் நாளொன்றுக்கு 50 நிமிடம். வாரத்துக்கு 350 நிமிடம். வேலை நிமித்தம் இரண்டு வேளை மட்டுமே ஜமாஅத்துக்குச் செல்ல இயலும் என்பவருக்கும் 140 நிமிடம் கிட்டிவிடுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் குடும்ப உறுப்பினர்களைப் போல் தங்கிவிட்ட இக்காலத்தில், மருந்துச் சீட்டில் மருத்துவர் எழுதும் நடையைத் தொழுகை நமக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது.

எளிதாகச் சொல்லிவிட முடியாதவை

நகரம் முழுவதும் அன்பு வழிகிறது என்று நாம் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடும் நம் இளைஞர்கள், பெயரைச் சொன்னதும் தொலைபேசி துண்டிக்கப்படும் அனுபவத்தை அறிவார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒரு புது மணத் தம்பதியர் ஐந்து வீடுகளில் மறுக்கப்பட்டு ஆறாவது வீட்டில் குடியேறினர். வெந்நீருக்குக் காசு வாங்காத தேநீர்க் கடையின் அன்பு, அந்த ஐந்து கதவுகளின் அநீதியை ஈடுசெய்துவிடாது. அநீதியை அநீதி என்று சொல்லவும், சட்டத்தின் வழியில் அதை எதிர்க்கவும் நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் அந்தக் கசப்பு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்டவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்குகிறார்கள். நம் தெரு, நம் கடை, நம் பள்ளிக்கூடம் என்று வட்டம் சுருங்குகிறது. அடுத்த தெருவில் இருப்பவர்கள் நம்மைத் தொலைக்காட்சியில் மட்டும் காண்கிறார்கள். நாமும் அவர்களைத் தொலைபேசித் திரையில் வரும் வெறுப்புச் செய்திகளில் மட்டும் காண்கிறோம். அச்சம் வளர்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. நாள்தோறும் தம்மைக் கடந்து செல்லும் குடை பிடித்த பெரியவரைப் பற்றி யாரேனும் அவதூறு சொன்னால், அந்தக் கீரைக்கார அம்மையார் நம்ப மாட்டார். அவருக்கு ஆதாரம் தேவையில்லை. பத்தாண்டுக் காலைப் பொழுதுகள் இருக்கின்றன.

அளவற்ற அருளாளனின் அடியார்கள் பூமியில் பணிவுடன் நடப்பார்கள் என்றும், அறிவீனர் அவர்களிடம் வாதாடினால் சமாதானத்தைக் கூறி விலகுவார்கள் என்றும் அல்குர்ஆன் (25:63) அவர்களின் இலக்கணத்தைக் கூறுகிறது. அந்தப் பண்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே நடை இடம்பெற்றுள்ளது. இரவுத் தொழுகை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. ஓர் இறைநம்பிக்கையாளரை ஊரார் முதலில் காண்பது அவருடைய ஸஜ்தாவை அன்று. தெருவில் அவர் நடக்கும் விதத்தைத்தான்.

பெண்களும் பிள்ளைகளும்

அத்தாவோடு நாங்கள் முறைவைத்து நடக்கத் தொடங்கியபோது, வீட்டில் பெண் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "நன்னா மட்டும்தான் நடக்கணுமா? எங்களை ஏன் கூப்பிடறதில்ல?" எங்களிடம் நல்ல விடை இருக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பெண்கள் தங்கள் ஆடையால் போர்த்திக்கொண்டு சுபுஹு தொழுகைக்கு வந்து, இருள் பிரியுமுன் வீடு திரும்பினர் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மதீனாவின் விடியற்காலைத் தெரு பெண்கள் நடக்கத்தக்க தெருவாக இருந்தது. நம் தெருக்கள் அப்படி இல்லை என்றால், பெண்களை வீட்டுக்குள் இருத்துவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா? எரியாத தெருவிளக்கு குறித்து மாநகராட்சியில் புகார் பதிவு செய்வதும், நடைபாதையைக் கடைகள் விழுங்கியிருந்தால் வார்டு உறுப்பினரிடம் முறையிடுவதும் மஹல்லா ஜமாஅத்தின் பணிகள்தாமே? நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் பாதையின் உரிமைகளுள் அடங்கும் என்பதை மேலே கண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் பேத்திகளும் உடன் வருகிறார்கள். மெரினாவில் சூரியன் எழும் நேரத்தில் அம்மா மணலில் அமர்ந்து திக்ரு செய்வார். திரும்பும்போது அதே கீரைக்கடையில்தான் கீரை வாங்குவார். விலை பேசுவதில்லை, நலம் பேசுகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி.

எங்கே தொடங்குவது?

இது பெரிய திட்டம் அன்று. நிதி திரட்ட வேண்டியதில்லை. சங்கம் அமைக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இயன்ற சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

நடக்க இயலும் தொலைவில் பள்ளிவாசல் இருப்போர், குறைந்தது ஜும்ஆவுக்காவது வண்டியை வீட்டில் விட்டு வருவோம். முதியோரும் உடல் நலிந்தோரும் விதிவிலக்கு. அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்காகவே மற்றவர்கள் நடக்கலாம். பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாளாவது மக்தபுக்குக் கைபிடித்து நடத்திச் செல்வோம். வழியில் தொலைபேசி பையிலேயே இருக்கட்டும். விடியுமுன் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளருக்கு வணக்கமோ ஒரு புன்னகையோ தருவோம். சகோதரரின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மம் என்று கற்றுத்தந்தது நம் மார்க்கம். கண்ணாடித் துண்டையோ கல்லையோ கண்டால் ஓரமாய்த் தள்ளுவோம். அத்தாவின் குடைநுனி அதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. வாரத்தில் ஒரு நாள் வழக்கமான வழியை விட்டு வேறொரு தெரு வழியாகத் திரும்புவோம்.

இவற்றைச் செய்துவிட்டு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அழைப்புப் பணி என்ற எண்ணத்தில்கூட இதைச் செய்ய வேண்டாம். மனிதர்களை நோக்கமாக அன்றி மனிதர்களாகவே காண்பதற்கு நடக்க வேண்டும். மறுமையில் இதற்குக் கூலி தருபவன் நம் உள்ளங்களை அறிவான்.

அத்தாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நடை தளர்ந்துவிட்டது. முன்பு அரைமணி நேரத்தில் சுற்றிவந்த தொலைவுக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. அதில் பாதி நேரம் நின்று பேசுவதில் போகிறது. கீரைக்கார அம்மையாரின் மகனுக்கு வேலை கிடைத்ததும், செய்தித்தாள் போடும் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதும், வெந்நீர் தரும் கடைக்காரருக்குப் பேரன் பிறந்ததும் எங்களுக்கு இப்போது வீட்டுச் செய்திகள். சென்ற மழையில் சளி பிடித்து நான்கு நாள் அத்தா வெளியே செல்லவில்லை. மூன்றாம் நாள் காலை வாசலில் அந்த அம்மையார் நின்றார். கையில் ஒரு கட்டுத் தூதுவளை.

"பாய் எங்க? ரெண்டு நாளா காணோமே" என்றார்.

இந்த முறை, நாங்கள் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் சுபுஹு தொழுது முடித்து வெளியே வந்த அத்தா, படிக்கட்டில் நின்று குடையை ஊன்றிக்கொண்டு வழக்கம்போலவே கேட்டார்: "தம்பி, இன்னைக்கு எந்தத் தெரு வழியாத் திரும்பலாம்?"

நம் கால்களுக்குப் பணிவையும், கண்களுக்குக் கவனிப்பையும், நம் தெருக்களுக்கு அமைதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.